லினக்ஸ் வன்பொருள் ஆதரவு

லினக்ஸ் வன்பொருள் ஆதரவு என்பது, லினக்ஸ் கருனியை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளங்கள் ஒரு கணினியில் உள்ள வரைகலை அட்டை, அருகலை அட்டை, ஒலி அட்டை, அச்சுப்பொறி முதலிய வன்பொருட்களை அடையாளங்கண்டு இயக்கும் திறனைக் குறிக்கும். மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயங்குதளத்திலும் இதே பணி நடைபெறுகிறது. எனினும் அதனைச் செய்யும் மென்பொருளை யார் எழுதுகிறார்கள், யார் பேணுகிறார்கள், எவ்வளவு காலம் பேணுகிறார்கள் என்பவற்றில் இவ்விரண்டும் பெரிதும் வேறுபடுகின்றன. ஒரு கணினி வாங்கிய சில ஆண்டுகளுக்குப் பின்னும் பயன்படுமா என்பதைப் பெரும்பாலும் இவ்வேறுபாடே தீர்மானிக்கிறது.

== சாதன இயக்கி ==

இயங்குதளத்திற்கும் ஒரு குறிப்பிட்ட வன்பொருளுக்கும் இடையே நின்று பேசும் மென்பொருள் சாதன இயக்கி எனப்படும். வழக்கில் இதனை டிரைவர் என்பர். "இந்தப் பக்கத்தை அச்சிடு" என்று ஒரு பயன்பாட்டு மென்பொருள் கேட்கும்போது, எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை எழுதினால் அச்சுப்பொறி தாளை இழுக்கும் என்பதை அறிந்திருப்பது இயக்கி மட்டுமே. ஆகவே வன்பொருள் பழுதின்றி இருந்தாலும் அதற்குரிய இயக்கி இல்லையெனில் அது பயன்படாது.

பல இயக்கிகள் கருனியின் உள்ளே, முழு அதிகாரத்துடன் இயங்குகின்றன. அவற்றில் ஏற்படும் ஒரு சிறு பிழை முழுக் கணினியையும் நிறுத்திவிடக்கூடும். 2024 சூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான இற்றைப்படுத்தலால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. கருனி நிலையில் இயங்கிய அந்நிறுவனத்தின் மென்பொருளே இதற்குக் காரணம். இயக்கிகளின் தரம் ஏன் முக்கியமானது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.

== இரு அணுகுமுறைகள் ==

=== விண்டோஸ் ===

விண்டோஸில் இயக்கியை எழுதும் பொறுப்பு பெரும்பாலும் வன்பொருள் உற்பத்தியாளருடையது. மைக்ரோசாப்ட் ஒரு நிலையான இடைமுகத்தை வரையறுத்துக் கொடுக்கிறது. உற்பத்தியாளர் அதற்கேற்ப இயக்கியை எழுதி, மூல நிரலை வெளியிடாமல் இருமக் கோப்பாக வழங்குகிறார். இடைமுகம் நிலையாக இருப்பதால் ஒரே இயக்கி பல ஆண்டுகள் மாற்றமின்றி இயங்குகிறது. உலகின் மேசைக் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸில் இயங்குவதால், புதிய வன்பொருள் சந்தைக்கு வரும் நாளிலேயே அதற்குரிய விண்டோஸ் இயக்கியும் வந்துவிடுகிறது.

இம்முறையின் குறை, இடைமுகம் மாறும்போது வெளிப்படுகிறது. 2007 சனவரியில் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டாவில் வரைகலை இயக்கிகளுக்கான கட்டமைப்பு புதிதாக மாற்றப்பட்டது. அதன் 64 பிட்டுப் பதிப்பில், எண்ணிமக் கையொப்பம் இடப்படாத கருனி இயக்கிகள் ஏற்கப்படவில்லை. இதனால் எக்ஸ்பியில் நன்கு இயங்கிய பல அச்சுப்பொறிகளும் வருடிகளும் விஸ்டாவில் இயங்கவில்லை. விற்று முடிந்த பொருளுக்குப் புதிய இயக்கி எழுதுவதில் உற்பத்தியாளருக்கு வருவாய் ஏதுமில்லை. மூல நிரல் வெளியிடப்படாததால் வேறு எவரும் அதனைத் திருத்தவும் இயலவில்லை.

=== லினக்ஸ் ===

லினக்ஸில் இயக்கிகள் கருனியின் மூல நிரலோடு ஒன்றாகவே பேணப்படுகின்றன. கருனி நிரலின் பெரும்பகுதி இயக்கிகளே ஆகும். இவற்றை உற்பத்தியாளர்களின் ஊழியர்களும், லினக்ஸ் வழங்கல்களை உருவாக்கும் நிறுவனங்களும், தன்னார்வலர்களும் எழுதுகின்றனர். ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கருனிப் பதிப்பு வெளியாகிறது. ஆகவே பெரும்பாலான வன்பொருட்களுக்குப் பயனர் தனியே குறுந்தட்டோ பதிவிறக்கமோ தேடவேண்டியதில்லை. கணினி தொடங்கும்போதே கருனி வன்பொருளின் அடையாள எண்ணைப் படித்து, பொருத்தமான இயக்கிக் கூறினை ஏற்றிக்கொள்கிறது.

கருனியின் உள் இடைமுகங்கள் நிலையானவை அல்ல. தேவைக்கேற்ப அவை மாற்றப்படுகின்றன. ஓர் இடைமுகத்தை மாற்றுபவர், அதனைப் பயன்படுத்தும் கருனியினுள் உள்ள அனைத்து இயக்கிகளையும் சேர்த்தே திருத்தவேண்டும் என்பது மரபு. எனவே கருனிக்குள் இடம்பெற்ற இயக்கி, அதனை எழுதிய நிறுவனம் மறைந்த பின்னரும் உயிரோடிருக்கும். கருனிக்கு வெளியே வைக்கப்பட்ட இயக்கியோ ஒவ்வொரு பதிப்பு மாற்றத்திலும் உடையும் இடரில் உள்ளது. ஆன்ட்ராய்டு தொலைபேசிகளும் லினக்ஸ் கருனியைக் கொண்டவையே. ஆயினும் பல தொலைபேசிகள் சில ஆண்டுகளிலேயே புதிய பதிப்புகளைப் பெறாமல் நின்றுபோவதற்கு, அவற்றின் சில்லு இயக்கிகள் கருனிக்கு வெளியே இருப்பதும் ஒரு காரணமாகும்.

== வரலாறு ==

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தோற்றத்திலேயே இயக்கிச் சிக்கல் ஒன்று உள்ளது. 1980ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவாண்மை ஆய்வகத்திற்கு செராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கிக்கொண்டால் பயனர்களுக்கு அறிவிக்கும் வசதியை, ஆய்வகத்தின் முந்தைய அச்சுப்பொறியில் ரிச்சர்டு ஸ்டால்மன் சேர்த்திருந்தார். புதிய அச்சுப்பொறியின் மூல நிரல் கிடைக்காததால் அதே திருத்தத்தை அவரால் செய்ய முடியவில்லை. 1983இல் குனூ திட்டத்தை அவர் அறிவித்ததற்குப் பின்னிருந்த அனுபவங்களுள் இதுவும் ஒன்று.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருனியை வெளியிட்டார். தொடக்க ஆண்டுகளில் உற்பத்தியாளர்கள் பலர் வன்பொருள் விவரக்குறிப்புகளைத் தர முன்வரவில்லை. அத்தகைய வன்பொருட்களுக்கு, விண்டோஸ் இயக்கி வன்பொருளுக்கு அனுப்பும் கட்டளைகளை உற்றுநோக்கி, அவற்றின் பொருளை ஊகித்து, புதிதாக இயக்கி எழுதும் எதிர்ப்பொறியியல் முறையே கைகொடுத்தது. இது உழைப்பு மிகுந்ததும் நெடுங்காலம் பிடிப்பதும் ஆகும்.

== வரைகலை இயக்கிகள் ==

லினக்ஸ், விண்டோஸ் ஒப்பீட்டில் மிகுதியாக விவாதிக்கப்படுவது வரைகலை இயக்கியே. இன்றைய வரைகலைச் செயலி தனக்கென நினைவகமும் கட்டளைத் தொகுதியும் கொண்ட ஒரு தனிக் கணினியைப் போன்றது. அதன் இயக்கி இரு பகுதிகளாக அமையும். கருனிப் பகுதி நினைவகத்தையும் திரையின் பிரிதிறனையும் ஆள்கிறது. பயனர் பகுதி, ஓபன்ஜிஎல், வல்கன் போன்ற வரைகலை இடைமுகங்களில் வரும் கட்டளைகளைச் செயலியின் மொழிக்கு மாற்றுகிறது.

லினக்ஸில் பயனர் பகுதியின் பெரும்பங்கை மெசா என்னும் கட்டற்ற நிரலகம் ஆற்றுகிறது. பிரையன் பால் 1993இல் இதனைத் தொடங்கினார். திரையின் பிரிதிறனை அமைக்கும் பணி முன்பு எக்ஸ் சாளர அமைப்பிடம் இருந்தது. 2009 மார்ச்சில் வெளியான 2.6.29 பதிப்பு முதல் இப்பணி படிப்படியாகக் கருனிக்கு மாற்றப்பட்டது. கணினி தொடங்கும்போது திரை பலமுறை மினுங்குவது குறைந்ததும், உறக்க நிலையிலிருந்து கணினி சீராக மீள்வதும் இம்மாற்றத்தின் பயன்களாகும்.

=== இன்டெல் ===

இன்டெல் நிறுவனம் தன் வரைகலைச் செயலிகளுக்கான லினக்ஸ் இயக்கிகளைத் தன் பொறியாளர்களைக் கொண்டே கட்டற்ற முறையில் எழுதி வருகிறது. தனி வரைகலை அட்டை இல்லாத மடிக்கணினிகளில் பெரும்பாலும் இவையே உள்ளதால், அவற்றில் லினக்ஸ் நிறுவியவுடன் வரைகலை இயங்கிவிடும். குறிப்பிடத்தக்க விதிவிலக்கு ஜிஎம்ஏ 500 ஆகும். இதன் உட்கூறு பவர்விஆர் என்னும் வேறொரு நிறுவன வடிவமைப்பு என்பதால் கட்டற்ற இயக்கி கிடைக்கவில்லை. இதனைக் கொண்ட சிறு மடிக்கணினிகளை வாங்கியோர் லினக்ஸில் முடுக்கமற்ற திரையுடனேயே பல ஆண்டுகள் இருக்க நேர்ந்தது.

=== ஏஎம்டி ===

ஏடிஐ நிறுவனத்தை ஏஎம்டி 2006இல் வாங்கியது. 2007 செப்டம்பரில், தன் வரைகலைச் செயலிகளின் விவரக்குறிப்புகளை வெளியிட்டுக் கட்டற்ற இயக்கியை ஆதரிக்கப்போவதாக அது அறிவித்தது. அதுவரை மூடிய மூல இயக்கி ஒன்றே முழு வேகத்தைத் தந்தது. 2015இல் ஏஎம்டிஜிபியு என்னும் இயக்கி கருனியில் இடம்பெற்றது. வால்வ் நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்னும் கையடக்க விளையாட்டுக் கணினி, ஏஎம்டி வன்பொருளையும் இக்கட்டற்ற இயக்கிகளையுமே நம்பியுள்ளது. ஆயினும் தடைகள் முற்றும் நீங்கவில்லை. எச்டிஎம்ஐ 2.1 தரத்தைக் கட்டற்ற இயக்கியில் நிறைவேற்ற ஏஎம்டி முன்வைத்த திட்டத்தை, அத்தரத்தை ஆளும் மன்றம் 2024இல் ஏற்க மறுத்தது.

=== என்விடியா ===

என்விடியா நெடுங்காலம் மூடிய மூல இயக்கியையே லினக்ஸுக்கு வழங்கியது. அது வேகமானது, விண்டோஸ் இயக்கியோடு பெரிதும் பொதுவான நிரலைக் கொண்டது. ஆனால் கருனி மாறும்போதெல்லாம் அதனை மீண்டும் பொருத்தவேண்டியிருந்தது. மாற்றாகத் தன்னார்வலர்கள் எதிர்ப்பொறியியல் வழியே எழுதிய நூவோ இயக்கி, 2010இல் 2.6.33 பதிப்பில் கருனிக்குள் சேர்ந்தது. 2014இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசை முதல், என்விடியா கையொப்பமிட்ட நிலைபொருள் இன்றிச் செயலியின் கடிகார வேகத்தை உயர்த்த முடியாமற்போனது. அதனால் நூவோவில் அவ்வட்டைகள் மிக மெதுவாகவே இயங்கின.

2012 சூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய டோர்வால்ட்ஸ், தாங்கள் கையாண்ட நிறுவனங்களுள் மிக மோசமானது என்விடியா என்று வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். 2022 மே மாதத்தில், டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்குமான கருனிப் பகுதியைத் திறந்த மூலமாக என்விடியா வெளியிட்டது. அந்நிறுவனம் வழங்கும் இயக்கியின் பயனர் பகுதி மூடியதாகவே தொடர்ந்தது. மெசாவில் என்விகே என்னும் கட்டற்ற வல்கன் இயக்கி இதற்கு மாற்றாக வளர்க்கப்பட்டது.

பழைய அட்டைகள் உடையோருக்கு மூடிய இயக்கியின் விளைவு நேரடியானது. பெர்மி தலைமுறை அட்டைகளுக்கான 390 வரிசை இயக்கிக்கு 2022 இறுதியுடன் ஆதரவு நின்றது. அதன்பின் அவ்வட்டைகளின் பயனர்களுக்குப் பழைய கருனியில் தங்குதல், நூவோவுக்கு மாறுதல் என்ற இரு வழிகளே எஞ்சின.

=== விண்டோஸில் வரைகலை ===

விளையாட்டுகள், காணொளித் தொகுப்பு, பொறியியல் வடிவமைப்பு ஆகியவற்றுக்கான வணிக மென்பொருட்கள் பல விண்டோஸை முதன்மையாகக் கொண்டு உருவாக்கப்படுவதால், அங்கு இயக்கிகள் மிகுந்த கவனத்துடன் செம்மைப்படுத்தப்படுகின்றன. எனினும் விண்டோஸும் இடர்ப்பாடுகளைச் சந்தித்துள்ளது. 2007இல் பதிவான விஸ்டா நிலைகுலைவுகளில் ஏறத்தாழ 29 விழுக்காடு என்விடியா இயக்கிகளால் நேர்ந்தவை என்பது, மைக்ரோசாப்ட் மீதான ஒரு வழக்கில் வெளியான ஆவணங்களால் தெரியவந்தது. விஸ்டாவில் அறிமுகமான கட்டமைப்பு, இயக்கியின் பெரும்பகுதியைப் பயனர் நிலைக்கு மாற்றியது. வரைகலைச் செயலி உறைந்துவிட்டால், கணினியை நிறுத்தாமல் அதனை மட்டும் மீளத் தொடக்கும் வசதியையும் அது தந்தது.

== அருகலையும் நிலைபொருளும் ==

2000களில் லினக்ஸ் நிறுவியோர் மிகுதியாகச் சந்தித்த சிக்கல் அருகலை இயங்காமையே. பிராட்காம் நிறுவனச் சில்லுகளுக்கு எதிர்ப்பொறியியல் வழியே எழுதப்பட்ட இயக்கி 2006இல் கருனியில் இடம்பெற்றது. 2010 செப்டம்பரில்தான் அந்நிறுவனம் தானே ஒரு கட்டற்ற இயக்கியை வெளியிட்டது. இடைப்பட்ட காலத்தில் என்டிஐஎஸ்ராப்பர் என்னும் கருவியின் துணையுடன், விண்டோஸ் இயக்கியையே லினக்ஸில் ஏற்றிப் பலர் பயன்படுத்தினர்.

அதே காலத்தில் இந்தியாவில் பரவிய யுஎஸ்பி இணையக் கொணரிகளில் வேறொரு சிக்கல் இருந்தது. இவற்றுள் பல, கணினியில் செருகியவுடன் விண்டோஸ் இயக்கியைக் கொண்ட ஒரு குறுந்தட்டாகவே தம்மைக் காட்டிக்கொண்டன. விண்டோஸில் அம்மென்பொருள் நிறுவப்பட்ட பின்னரே அவை கொணரியாக மாறும். லினக்ஸில் இம்மாற்றத்தைச் செய்ய யுஎஸ்பி மோடுஸ்விட்ச் என்னும் கருவி எழுதப்பட்டது.

பல அருகலை அட்டைகளுக்கும் வரைகலைச் செயலிகளுக்கும் இயக்கியோடு நிலைபொருளும் தேவை. இது வன்பொருளின் உள்ளேயே இயங்கும் நிரலாகும். உற்பத்தியாளர் மறுவழங்கலுக்கு அனுமதித்தாலும் பெரும்பாலும் மூல நிரலைத் தருவதில்லை. இதனால் டெபியன் வழங்கல் தன் அதிகாரப்பூர்வ நிறுவல் தட்டில் இவற்றைச் சேர்க்காதிருந்தது. நிறுவும்போது அருகலை இயங்காததால் நிலைபொருளை இணையத்திலிருந்து பெற வழியின்றிப் பல புதிய பயனர்கள் திகைத்தனர். 2022இல் நடந்த உறுப்பினர் வாக்கெடுப்பின்படி, 2023 சூனில் வெளியான டெபியன் 12 முதல் கட்டற்றதல்லாத நிலைபொருளும் நிறுவல் தட்டில் சேர்க்கப்பட்டது.

== அச்சுப்பொறிகள் ==

லினக்ஸில் அச்சிடல் கப்ஸ் என்னும் அமைப்பின் வழியே நடைபெறுகிறது. போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பொதுவான பக்க மொழியை அறிந்த அச்சுப்பொறிகள் எளிதில் இயங்குகின்றன. விலை குறைந்த அச்சுப்பொறிகளில் பல அம்மொழிகளை அறியா. பக்கத்தைப் படமாக்கும் வேலையைக் கணினியே செய்து, உற்பத்தியாளரின் தனி வடிவத்தில் அனுப்பவேண்டும். இந்திய அலுவலகங்களிலும் ஒளிநகல் கடைகளிலும் பரவலாகக் காணப்படும் கேனன் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 ஆகியவை இவ்வகையின. முன்னதற்குக் கேனனின் தனி இயக்கி தேவை. பின்னதற்கு, ஒவ்வொரு முறை மின்னிணைப்புத் தரும்போதும் கணினியிலிருந்து நிலைபொருளை ஏற்றவேண்டும். இயக்கி தேவைப்படாத வலையமைப்பு அச்சிடல் தரங்களை ஏற்கும் புதிய அச்சுப்பொறிகளில் இச்சிக்கல் பெரிதும் நீங்கியுள்ளது.

== தமிழ்நாட்டில் ==

தமிழ்நாட்டில் இவ்விடயம் அரசுக் கொள்முதலோடு தொடர்புடையது. தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2000களின் பிற்பகுதியில், தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் என்னும் வழங்கலை 2007இல் வெளியிட்டது. பாஸ் என்பது பாரத இயங்குதளத் தீர்வுகள் என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாகும்.

2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தொடக்கத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் ஆகிய இரண்டும் நிறுவப்பட்டிருந்தன. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அடுத்து வந்த ஆண்டுகளில் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. பெருநகரங்களில் மட்டுமன்றி, பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் போன்ற ஊர்களிலும் பல குடும்பங்களுக்கு இதுவே முதல் கணினியாயிற்று.

இத்தகைய பெருங்கொள்முதலில் இயக்கிகளைப் பொறுத்தவரை ஒரு நன்மை உண்டு. இலட்சக்கணக்கான கணினிகள் ஒரே மாதிரியான வன்பொருளைக் கொண்டிருப்பதால், ஒரு மாதிரியில் ஒரு சிக்கல் தீர்ந்தால் அம்மாதிரி அனைத்திலும் அது தீர்ந்துவிடும். விற்பவரே இரு இயங்குதளங்களையும் நிறுவித் தரவேண்டும் என்னும் விதி இருக்கும்போது, இயக்கியைத் தேடும் சுமை மாணவரிடமிருந்து விற்பவருக்கு மாறுகிறது.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியபோது, அதற்கு மாற்றாக பாஸ் லினக்ஸைப் பயன்படுத்துமாறு தமிழ்நாடு அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. 2015இல் இந்திய அரசும் திறந்த மூல மென்பொருட்களுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது. அண்டை மாநிலமான கேரளத்தில், ஐடி அட் ஸ்கூல் திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளிகள் குனூ/லினக்ஸுக்கு மாறின.

== பழைய கணினிகளின் ஆயுள் ==

2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறினையும், இன்டெல் எனில் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியையும் கோருகிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இதனால், மேற்கண்ட திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவை உட்பட, நன்கு இயங்கும் பல கணினிகள் விண்டோஸின் முறையான ஆதரவுக்கு வெளியே நிற்கின்றன. இவற்றின் இன்டெல் வரைகலை, ஒலி, வலையமைப்பு ஆகியவற்றுக்கான இயக்கிகள் லினக்ஸ் கருனியில் தொடர்ந்து உள்ளமையால், பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களைப் பெறும் புதிய வழங்கல் ஒன்றை அவற்றில் நிறுவ இயலும். நினைவகம் குறைந்த கணினிகளுக்கு எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி போன்ற எளிய பணிச்சூழல்கள் ஏற்றவை.

எனினும் லினக்ஸும் எல்லாவற்றையும் என்றென்றும் ஆதரிப்பதில்லை. 386 செயலிக்கான ஆதரவு 2013இல் வெளியான 3.8 பதிப்பில் நீக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, 32 பிட்டு இன்டெல் கணினிகளுக்கான நிறுவல் தட்டை வழங்கவில்லை.

== ஒப்பீட்டுச் சுருக்கம் ==

* இயக்கியை எழுதுபவர்: விண்டோஸில் பெரும்பாலும் உற்பத்தியாளர், லினக்ஸில் உற்பத்தியாளர், வழங்கல் நிறுவனங்கள், தன்னார்வலர் ஆகியோர்.
* மூல நிரல்: விண்டோஸில் பொதுவாக மூடியது, லினக்ஸில் பெரும்பாலும் திறந்தது. சில மூடிய இயக்கிகளும் நிலைபொருட்களும் விதிவிலக்கு.
* புத்தம்புதிய வன்பொருள்: விண்டோஸில் முதல் நாளிலேயே இயங்கும், லினக்ஸில் புதிய கருனிப் பதிப்பு வரும்வரை காத்திருக்க நேரலாம்.
* பழைய வன்பொருள்: விண்டோஸில் உற்பத்தியாளரின் விருப்பத்தைப் பொறுத்தது, லினக்ஸில் பேணுவோர் உள்ளவரை தொடரும்.
* விளையாட்டுகள்: விண்டோஸ் முன்னிலையில் உள்ளது. 2018இல் வால்வ் வெளியிட்ட புரோட்டான் வந்தபின் இடைவெளி குறைந்துள்ளது. விளையாட்டு முறைகேடுகளைத் தடுக்கக் கருனி நிலைப் பாதுகாப்பைக் கோரும் சில விளையாட்டுகள் லினக்ஸில் இயங்குவதில்லை.
* கைரேகைப் படிப்பான், சிறப்புச் செயல்விசைகள்: விண்டோஸில் பொதுவாக இயங்கும்; லினக்ஸில் மாதிரிக்கு மாதிரி வேறுபடும்.

== வன்பொருளைச் சோதித்தல் ==

ஒரு கணினியில் லினக்ஸ் இயங்குமா என்பதை அறிய எளிய வழி, நிறுவாமலேயே இயக்கும் வசதியுள்ள வழங்கல் ஒன்றை விரலியில் பதிந்து, அதிலிருந்து கணினியைத் தொடக்குவதாகும். அப்போது அருகலை, ஒலி, திரையொளி மாற்றம், வெளித்திரை, உறக்கநிலை மீட்பு ஆகிய ஐந்தையும் சோதித்தல் நன்று. வன்தட்டில் உள்ள தரவுகளுக்கு இதனால் மாற்றம் நேராது. முனையத்தில் எல்எஸ்பிசிஐ, எல்எஸ்யுஎஸ்பி ஆகிய கட்டளைகள் வன்பொருட்களின் பட்டியலைத் தரும். டிமெசெக் கட்டளை கருனியின் செய்திகளைக் காட்டும். நிலைபொருள் கிடைக்காததால் ஒரு சாதனம் இயங்கவில்லை எனில், அக்கோப்பின் பெயர் பெரும்பாலும் இச்செய்திகளிலேயே காணப்படும்.

புதிய கணினி வாங்குவோர், விற்பனைத் தாளில் உள்ள வணிகப் பெயரை மட்டும் கொள்ளாது, வரைகலை மற்றும் அருகலைச் சில்லுகளின் பெயரைக் கேட்டறிதல் வேண்டும். ஒரே மாதிரிப் பெயரில் விற்கப்படும் இரு மடிக்கணினிகளில் வெவ்வேறு அருகலைச் சில்லுகள் இருப்பதுண்டு. இயக்கியைத் தீர்மானிப்பது அச்சில்லே.

== இவற்றையும் பார்க்க ==

* லினக்ஸ் கருனி
* சாதன இயக்கி
* பாஸ் லினக்ஸ்
* கட்டற்ற மென்பொருள்
* மெசா
* எல்காட்